மூன்று மணிக்கு அறை தயார்

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு
ஜப்பானில் ஒரு மலையடிவாரத்தில்
நமக்காக ஒரு கதவு
பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும்.
எட்டுப் பாய் அளவு அறை என்று போட்டிருந்தது.
வீவக வீட்டின் கூடத்தில்
செய்தித்தாள் விரித்து அளந்து பார்த்தாய்.
சோபாவை வெளியே தள்ளினால்
நம் கூடமும் எட்டுப் பாய்தான் என்றாய்.

அது ஜூன்.
செப்டம்பரில் உன் நிறுவனம்
முப்பத்தெட்டுப் பேரைக் கூப்பிட்டு
ஆளுக்கோர் உறை கொடுத்தது.

ரத்து செய்யச் சொல்லி நான்தான் எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
‘சொந்தக் காரணம்’ என்று போட்டேன்.
பாதிப் பணம் போனால் போகட்டும் என்று
கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.
மறுநாள் பதில் வந்தது.
விடுதிக்கார மொரிட்டா அம்மாள்
ஏதோ ஓர் இயந்திரத்தின் வாயால் பேசியிருந்தார்:
‘பணம் வேண்டாம். குளியல் தீராது.
தண்ணீர் நம் எல்லோரையும்விட மூத்தது, காத்திருக்கும்.
தயவுசெய்து சளி பிடித்துக்கொள்ளாதீர்கள்.’

முப்பத்திரண்டு டிகிரியில்
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து
கடைசி வரியை மட்டும்
நீ மூன்று முறை படித்தாய்.

அதனால்தான் குணாளா,
இன்று காம்பஸ் அவென்யூவில் இறங்கினோம்.
துணி ஊறவைக்கும் சிவப்பு வாளி,
இரண்டு துண்டு, ஆறு முட்டை,
குடுவையில் பார்லித் தண்ணீர்.
தேக்காவில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய
நீலப் பூப்போட்ட அங்கி.
அதை மட்டும் போட்டுக்கொள்ளாதே என்று கெஞ்சினாய்.
போட்டுக்கொண்டேன்.

செம்பவாங் வெந்நீர் ஊற்று.
யாரும் குனிந்து வரவேற்கவில்லை.
ஒரு மைனா வந்து
முட்டைப் பையைச் சோதனை போட்டது.
சூடு, கவனம் என்று
பலகை நான்கு மொழியில் எச்சரித்தது.
தமிழில் ஒரு புள்ளி விழுந்திருந்தது.
வழக்கம்போல் கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தாய்,
யாருக்கோ எழுதிக் கேட்க.
உன்னிடம் அந்தக் கோபம்
இன்னும் வேலையில் இருந்தது.

குழாயைத் திருகினோம்.
தோலை உரித்துவிடும் சூடு.
ஆறட்டும் என்று
வாளியைச் சுற்றி உட்கார்ந்தோம்,
பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்போல.

பக்கத்தில்
கணுக்கால் வீங்கிய உணவு விநியோகப் பையன்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
காலை நனைத்துக்கொண்டிருந்தான்.
‘இன்னிக்கு லீவா, பாங்?’ என்றான் உன்னிடம்.

ஐந்து வாரமாக
உன் அக்காவிடம் சொல்லவில்லை,
மின்தூக்கியில் பார்க்கும் ரஹீமிடம் சொல்லவில்லை,
காலையில் சட்டையை இஸ்திரி போட்டு
நூலகத்துக்குப் போய் வந்தாய்.

‘வேலை போயிருச்சு’ என்றாய்.

பையன் தலையாட்டினான்.
உன் வாளியில் ஒரு விரலை விட்டு எடுத்தான்.
‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்றான்.

பதினேழு வருடம்
காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல்
ஓடிய மனிதன் நீ.
சோற்றுக்கு நேரமில்லை,
கல்யாண வீட்டில் மொய்யெழுத நேரமில்லை,
என் அறுவைசிகிச்சை அன்றுகூட
காரை அணைக்காமல் நின்றாய்.
இன்று நிஜமாகவே வெந்நீர்.
முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை.
சிவந்த இரண்டு பாதம்.
நீ அசையவில்லை.

படை விமானம் ஒன்று
வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
பேச்சை நிறுத்தினோம்,
பேசிக்கொண்டிருக்கவில்லை என்றாலும்.

மணி பார்த்தேன். இரண்டே முக்கால்.
அங்கே மூன்றே முக்கால்.
அந்த அறையில் இந்நேரம்
வேறு யாரோ தேநீர் குடிக்கிறார்கள்.
ஜன்னலில் மலை இருக்கும்,
மேகம் மூடாமலிருந்தால்.
இருக்கட்டும்.

முட்டையைச் சீக்கிரம் எடுத்துவிட்டாய்.
உடைத்ததும் மஞ்சள் ஓடி
என் நீலப் பூக்களில் விழுந்தது.
உப்பு கொண்டுவரவில்லை.
பையனுக்கு இரண்டு கொடுத்தோம்,
அவன் ஒன்றைத் தின்று
ஒன்றைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு
நொண்டிக்கொண்டே போனான்.

மொரிட்டா அம்மாளுக்கு
இரவு எழுத வேண்டும்.
என்ன எழுதுவது என்று யோசித்தபடி வருகிறேன்.
பேருந்தின் குளிர்காற்று
நேராக உன் ஈரக்காலில் வீசுகிறது.
இடம் மாறலாம் என்றால்
வேண்டாம் என்கிறாய்.

தும்முகிறாய்.